கடற்கருவி கரையில் பேசலாமா?



மீன்பிடி துறைமுகங்களில் உலவியவர்களுக்கு அந்தக் கருவி புதியதன்று. ஒரு கையில் அடங்கும். தலையில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் உறையிட்ட ஏரியல் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டுவிட்டால் கேட்கலாம். வாக்கி டாக்கி என்று எல்லோரும் அழைக்கும் இக்கருவியில் கடலுக்கென்றே செய்யப்பட்ட வகை ஒன்று உண்டு. தண்ணீரில் விழுந்தாலும் அது கெடாது. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் நீர் புகாதிருக்க வேண்டும் என்பது அதன் உறைக்குப் பொதுவாக விதிக்கும் அளவு. இத்தகைய கருவியைக் கரையிலும் பேசவைக்க முடியுமா, முடியுமாயின் எந்த நெறிக்கு உட்பட்டு என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள். சிறிய பொருளாகத் தோன்றலாம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றிற்று.

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் என்றொரு மாநிலம் இருக்கிறது. பாறைகளும் தீவுகளும் நிறைந்த கரை. சிங்கி இறால் பிடிப்பது அங்கே பெருந்தொழில். கோடையிலும் மூடுபனி வந்து கடலை மறைத்துவிடும். அக்கரையிலுள்ள சிறு துறைமுக ஊர் ஒன்றில் நான் சில ஆண்டுகள் வானொலிக் கருவிகளைச் செப்பனிடும் தொழில் செய்துவந்தேன். 2014ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள் காலை, கடையைத் திறந்து என் மேசையிலிருந்த கடற்கருவியை 16ஆம் சேனலில் வைத்தேன். கப்பல்களின் பேச்சுக்குப் பதிலாக லாரியின் இரைச்சலும், ஏதோ ஒரு பாட்டும், இருவர் மரப்பலகையின் விலையைப் பற்றி வாதாடுவதும் கேட்டன. ஐந்து நிமிடம் கழித்து ஓய்ந்தது. உடனே மீண்டும் தொடங்கிற்று. இவ்வாறே அரைமணி நேரத்துக்கு மேல் நடந்தது.

பின்னால் அறிந்த செய்தி இது. மலைச்சரிவில் வீடு கட்டிக்கொண்டிருந்த சிலர், கடையில் மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு கடற்கருவிகளை வாங்கித் தமக்குள் பேசிவந்தனர். ஒரு கருவி லாரி இருக்கையின் இடுக்கில் விழுந்து, அதன் பொத்தான் அழுந்திக்கொண்டது. கப்பற்கருவிகள் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஒலிபரப்பினால் தாமாகவே ஓய்ந்துவிட வேண்டும் என்று அந்நாட்டு விதி இருக்கிறது. அதுவும் அவ்வாறே ஓய்ந்தது. ஆனால் லாரி குலுங்கும்போதெல்லாம் பொத்தான் விடுபட்டு மறுபடியும் அழுந்திற்று. விதி செய்தவர்கள் மேய்ன் மாநிலத்து மண்பாதைகளை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்!

அதே நேரத்தில், துறைமுகத்துக்கு வெளியே மூடுபனிக்குள் சிங்கி இறால் படகு ஒன்று எந்திரம் நின்றுபோய்ப் பாறைகளை நோக்கி மிதந்துகொண்டிருந்தது. அதில் இருந்தவர் ஒருவரே. அவர் 16ஆம் சேனலில் கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஊரில் இருந்த எங்களில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. தற்செயலாக அவ்வழியே வந்த வேறொரு படகு அவரைக் கண்டு கயிறு வீசிற்று. அவர் அன்று மாலை என் கடைக்கு வந்து, தம் கருவி பழுதாகிவிட்டதென்று சொல்லிச் சோதிக்கச் சொன்னார். சோதித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

குறையில்லாத கருவி ஏன் ஊமையாயிற்று? இதற்கு விடை அக்கருவி பேசும் முறையிலேயே இருக்கிறது. கடற்கருவிகள் அதிர்வெண் பண்பேற்றம் என்னும் முறையில் பேசுகின்றன. நம் குரலுக்கேற்ப அலையின் உயரம் மாறுவதில்லை. அதன் அதிர்வெண் சற்றே கூடியும் குறைந்தும் அசைகிறது. இம்முறையில் இரைச்சல் குறைவு, குரல் தெளிவு. ஆனால் இதற்கு ஓர் இயல்பு உண்டு. ஒரே அதிர்வெண்ணில் இரண்டு சைகைகள் வந்து சேர்ந்தால், வலியது மெலியதை விழுங்கிவிடும். விமானங்கள் பேசும் பழைய முறையில் இரண்டு குரல்களும் கலந்து, கீச்சென்ற ஓர் ஒலியோடு கேட்கும்; யாரோ இன்னொருவர் பேசுகிறார் என்பதாவது தெரியும். கடற்கருவியிலோ வலியவன் மட்டுமே பேசுவதுபோல இருக்கும். மெலிந்தவன் இருக்கிறான் என்ற குறிப்புக்கூட எழாது. லாரி ஊருக்குள் இருந்தது. படகு கடலில் இருந்தது. எங்கள் காதுக்கு வலியது எது என்று சொல்லவேண்டுமோ?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வன. பூமியின் வளைவைத் தாண்டி வெகுதூரம் இறங்கமாட்டா. ஆகவே எவ்வளவு உயரத்தில் நின்று பேசுகிறோம் என்பதே பெரும்பாலும் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை முடிவு செய்கிறது. ஏரியல் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், வானொலித் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளதென்று கிடைக்கும். படகில் அமர்ந்தவன் கையில் கருவி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், அவனுடைய தொடுவானம் 5 கிலோமீட்டர். இவ்விதமான இரு படகுகள் 10 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். அதே கருவியை எடுத்துக்கொண்டு மேய்ன் கரையிலுள்ள கேடிலாக் மலையின் உச்சிக்குப் போங்கள். அம்மலை 466 மீட்டர் உயரம். கணக்குப் போட்டால் 89 கிலோமீட்டர் வரும். படகின் 5ஐயும் கூட்டினால் 94. ஐந்து வாட் ஆற்றலே உடைய ஒரு சிறு கருவி, மலைமேல் நின்று பேசினால், அத்தனை தூரத்துக் கடலிலும் தன் குரலைத் திணித்துவிடக்கூடும். கரையில் நிற்பவன் கடல் சேனலில் பேசலாகாது என்று சட்டம் சொல்வதன் முதற்காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இச்சட்டத்தின் வேர் பழமையானது. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அருகிலிருந்த கலிபோர்னியன் என்னும் கப்பலில் ஒரே ஒரு கம்பியில்லாத் தந்தியாளர் இருந்தார். அவர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போயிருந்தார். மறுபுறம், கரையில் பொழுதுபோக்குக்காகக் கருவி வைத்திருந்தவர்களின் அரட்டை கடற்செய்திகளைக் குழப்பியது என்ற மனக்குறையும் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கா இயற்றிய வானொலிச் சட்டம் உரிமம் இன்றி ஒலிபரப்பலாகாது என்றது. பொழுதுபோக்கினரை 200 மீட்டருக்கும் குறைந்த அலைநீளங்களுக்குத் தள்ளிவிட்டது. பயனற்றவை என்று அந்நாளில் கருதப்பட்ட அக்குற்றலைகளிலிருந்துதான் பிற்காலத்தில் உலகளாவிய வானொலி வளர்ந்தது என்பது வேறு கதை. இன்னொரு நாள் பேசவேண்டியது. பிறகு 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாட்டில் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் பிறந்தது. நாம் பேசும் கருவிகளை ஆள்வது இன்றும் அந்த ஆணையமே.

கடற்கருவிகளுக்கு உரிய பகுதி 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை என்று ஏறத்தாழக் கொள்ளலாம். அதில் 16ஆம் சேனல், அதாவது 156.800 மெகாஹெர்ட்ஸ், அபாயக் குரலுக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. உலகெங்கும் கப்பல்களுக்கு அதுவே பொது. தரையில் தீயணைப்புப் படை, காவல் துறை, தொழில் நிலையங்கள் முதலியோருக்கு அமெரிக்காவில் 150 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பல இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ரெயில்வேக்கள் 160, 161 மெகாஹெர்ட்ஸ் அருகில் பேசுகின்றன. வானிலை அறிவிப்பு 162.400 முதல் 162.550 வரை ஏழு இடங்களில் ஓயாமல் ஒலிக்கிறது. ஆக, கடலும் தரையும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள். நடுவில் மதில் இல்லை. சட்டம் கிழித்த கோடுதான் இருக்கிறது.

இனி எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக்கு வருவோம். சம்பளம் பெறாத தொண்டர் படை அது. தலைவர் வயது முதிர்ந்த தச்சர். படகு தீப்பற்றினாலும், தீவில் யாருக்கேனும் உடல்நலம் கெட்டாலும் அவர்களே போகவேண்டும். ஒவ்வொருவரும் இடுப்பின் ஒரு பக்கம் தரைக்கருவி, மறுபக்கம் கடற்கருவி என இரண்டைச் சுமந்தனர். அலை அடிக்கும் படகில் ஒரு கையால் கயிற்றைப் பற்றிக்கொண்டு, மறு கையால் இரண்டில் எதை எடுப்பது? தரைக்கருவியோ ஒரு குளியலுக்குத் தாங்காது. லாரி நிகழ்ச்சி நடந்த மறு வாரம் தலைவர் என் கடைக்கு வந்தார்.

"ஒரே கருவியில் கடலும் தரையும் பேச முடியாதா?" என்றார்.

"முடியும். ஆனால் எல்லாக் கருவியிலும் முடியாது, எல்லோரும் செய்யவும் கூடாது," என்றேன்.

"சென்ற வாரம் மலையில் நடந்தது போல ஆகிவிடாதே?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு விடை சொல்ல எனக்கு அரை நாள் ஆயிற்று. உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முன்னாளில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனிப் படிகம் வேண்டும். குவார்ட்ஸ் கல்லைக் குறித்த கனத்துக்கு அறுத்துத் தேய்த்தால், அது குறித்த ஓர் அதிர்வெண்ணிலேயே துடிக்கும். ஒரு சேனலைச் சேர்க்க வேண்டுமாயின் புதிய படிகம் வாங்கிப் பொருத்தவேண்டும். இன்றைய கருவியில் பொதுவாக ஒரு படிகமே அளவுகோலாக நிற்கிறது. மற்ற அதிர்வெண்களெல்லாம் அந்த ஒன்றை எண்களால் பெருக்கியும் வகுத்தும் பெறப்படுவன. கருவியின் உள்ளே ஓர் அலையாக்கி இருக்கிறது. அதன் அதிர்வெண்ணை ஓர் எண்ணால் வகுத்து, வந்த விடையை அளவுகோலோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் திருத்தி, இரண்டும் ஒத்துப்போகும்வரை ஒரு சுற்று விடாது வேலை செய்கிறது. சேனல் என்பது அந்த வகுக்கும் எண்தான். அதை நினைவுச் சில்லில் எழுதிவைப்பதையே நாம் புரோகிராம் செய்தல் என்கிறோம்.

இதில் மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. அளவுகோல் 25 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 16ஆம் சேனல் 156,800 கிலோஹெர்ட்ஸ். அதை 25ஆல் வகுத்தால் 6272 என்ற முழு எண் வருகிறது. 6273 என்று எழுதினால் 156.825 கிடைக்கும். இப்படி ஒவ்வொன்றாக ஏறலாம். தரையில், பல மாநிலத் தீயணைப்புப் படைகள் ஒன்றுக்கொன்று உதவும் வேளையில் பேசிக்கொள்ளும் அதிர்வெண் 154.280 மெகாஹெர்ட்ஸ். அதை 25ஆல் வகுத்துப் பாருங்கள், 6171.2 வருகிறது. பின்னம்! அளவுகோலை 5 கிலோஹெர்ட்ஸாகச் சிறுத்தால் 30856 என்று முழுமையாக அமைகிறது. 154.2725 என்பது போன்ற அதிர்வெண்களும் தரையில் உண்டு, அவற்றுக்கு இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அளவுகோல் வேண்டும், அப்போது 61709. ஆகவே கடலின் படிக்கட்டில் மட்டும் ஏறத் தெரிந்த கருவி தரையின் படிக்கட்டில் கால் வைக்க முடியாது. இரண்டையும் கருதிச் செய்த கருவியாக இருக்கவேண்டும்.

அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஐக்காம் நிறுவனம் வெளியிட்ட எம்88 என்னும் கடற்கருவியில், கடல் சேனல்களுக்குப் புறம்பாக 22 தரைச் சேனல்களை எழுதிக்கொள்ள இடம் உண்டு. ஸ்டாண்டர்டு ஹொரைசன் நிறுவனத்தின் எச்எக்ஸ்370எஸ் கருவியில் 40. கடலில் இறங்கும் தீயணைப்பு வீரரும் துறைமுகத் தொழிலாளரும் இத்தகைய கருவியை விரும்புவதன் காரணம் வெளிப்படை. இவ்வகைக் கருவியில் முக்கியமாகப் பார்க்கவேண்டியது அதன் சான்று. அமெரிக்காவில் கடற்கருவிக்குரிய விதிகள் ஆணையத்தின் விதித்தொகுப்பில் 80ஆம் பிரிவில் உள்ளன. தரைக்குரியவை 90ஆம் பிரிவில். இரண்டு பிரிவின் கீழும் சான்று பெற்ற கருவியே இரண்டிலும் பேசலாம். ஓர் அலைவரிசையில் பேசும் திறன் கருவிக்கு இருக்கிறது என்பதால் மட்டும் பேசும் உரிமை வந்துவிடாது.

இந்த உரிமை என்னும் சொல் அங்கே பல வடிவம் எடுக்கிறது. எனக்கு நெடுநாள் மயக்கம் தந்ததும் இதுவே. அந்நாட்டின் நீர்ப்பரப்புக்குள் செல்லும் சிறு உல்லாசப் படகுகளுக்கு 1996 முதல் தனி வானொலி உரிமம் வேண்டியதில்லை. இதைக் கேட்டவர்கள், கடற்கருவிக்கு உரிமமே வேண்டாம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். மலையில் வீடு கட்டியவர்களும் அவ்வாறே எண்ணினார்கள். உண்மை என்னவெனில், அந்தச் சலுகை மனிதனுக்கு அளித்ததன்று, படகுக்கு அளித்தது. படகை விட்டுக் கரையில் கால் வைத்ததும் அது முடிந்துவிடுகிறது. கரையிலிருந்து கடல் சேனலில் பேசவேண்டிய துறைமுக அலுவலர் முதலியோர் அதற்கெனத் தனி உரிமம் பெறவேண்டும். அமெச்சூர் வானொலியிலோ முறை தலைகீழ். அங்கே தேர்வு எழுதித் தேறிய மனிதனுக்கே உரிமம். தன் எல்லைக்குள் தானே செய்த கருவியிலும் அவன் பேசலாம். ஆனால் அந்த மனிதன் தன் அமெச்சூர் கருவியைத் திருத்திக் கடல் சேனலில் பேசப் புகுந்தால் அது குற்றம். உயிருக்கு ஆபத்து நேர்ந்து வேறு வழியில்லாதபோது எக்கருவியையும் எந்த வகையிலும் பயன்படுத்தி உதவி கேட்கலாம். அதைச் சட்டம் தடுப்பதில்லை. அது அவசரக் கதவு; தினமும் நுழையும் வாயில் அன்று.

தரைச் சேவையில் உரிமம் ஓர் அமைப்புக்கு உரியது. இன்ன அதிர்வெண், இன்ன இடம், இன்ன ஆற்றல் என்று அதில் எழுதியிருக்கும். இங்கே ஒரு விதி என்னைக் கவர்ந்தது. உரிமம் பெற்றவருக்கு அனுமதியில்லாத அதிர்வெண்ணை அவருடைய ஒலிபரப்புக் கருவியில் எழுதிவைக்கவே கூடாது என்கிறது அது. பேசினால்தான் குற்றம் என்பதில்லை, எழுதுவதே குற்றம். பக்கத்து வீட்டுச் சாவியை நாம் திறக்கமாட்டோம் என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்திருக்கலாகாது அல்லவா?

எளிய வழி ஒன்று இருப்பதாகப் பலர் என்னிடம் வந்து சொல்வதுண்டு. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆணையம் பொதுமக்கள் தனி உரிமமின்றிப் பேச ஐந்து சேனல்களைத் திறந்துவிட்டது. 151.820, 151.880, 151.940, 154.570, 154.600 மெகாஹெர்ட்ஸ் என்பன அவை. கடைசி இரண்டும் அதற்கு முன்னரே தொழில் நிலையங்களில் புழங்கியவை. கருவியின் மேல் ஒட்டிய வண்ணப் பொட்டைக் கொண்டு நீலப் பொட்டு, பச்சைப் பொட்டு என்று அவற்றுக்குப் பெயர். கடற்கருவியின் தரைத் தொகுதியில் இந்த ஐந்தையும் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. அங்கே ஆற்றல் 2 வாட்டைத் தாண்டலாகாது; கடற்கருவி 5 வாட் தரும். அன்றியும், அந்தச் சேவைக்கென்று 95ஆம் பிரிவின் கீழ்ச் சான்று பெற்ற கருவியாக இருக்கவேண்டும். உரிமம் வேண்டாத இடத்தில் கருவியின்மேல் கட்டுப்பாடு கூடுவது இயல்புதான். பேசுபவன் யாரென்று தெரியாதபோது, அவன் கையிலிருப்பதையாவது அறிந்துகொள்ள வேண்டாமா? மலையில் வீடு கட்டியவர்களுக்கு நான் சொன்னதும், இச்சேவைக்கென்றே விற்கும் கருவிகளை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே. வாங்கிக்கொண்டார்கள்.

எழுதுபவன் யார் என்பதிலும் அந்நாடு கண்டிப்பாக இருக்கிறது. கடற்கருவியைப் பயன்படுத்துவோன் வெளிப்புறப் பொத்தான்களைக் கொண்டு புதிய ஒலிபரப்புச் சேனல்களைத் தானே எழுதிக்கொள்ள இயலாதவாறு கருவி அமைந்திருக்கவேண்டும். தகுதிச் சான்று பெற்ற தொழிலாளி, பழுது பார்ப்போருக்கென்று தரப்படும் சாதனங்களால் அதைச் செய்யவேண்டும். பொது வானொலித் தொலைபேசி இயக்குநர் உரிமம் என்பது அத்தகுதிகளுள் ஒன்று. சட்டப்பகுதிக்கு ஒரு தேர்வும், மின்னணுவியலுக்கு 100 கேள்விகள் கொண்ட மற்றொரு தேர்வும் எழுதவேண்டும். இரண்டாவதில் 75 சரியாக இருந்தால் தேர்ச்சி. நான் அதை எழுதித் தேறியிருந்தேன். எத்தனை மதிப்பெண் என்று கேட்காதீர்கள்.

தலைவர் தம் படையின் உரிமத்தைக் கொண்டுவந்து காட்டினார். இரு பிரிவின் கீழும் சான்று பெற்ற கருவிகள் ஆறு வாங்கினார்கள். அவற்றுள் இரண்டு வேறொருவர் பயன்படுத்தியவை. பழைய காலத்து எழுத்து அவற்றின் தரைத் தொகுதியில் இருந்தது. இங்கே எச்சரிக்கை தேவைப்பட்டது. கடற்சேனல் 25 கிலோஹெர்ட்ஸ் அகலம் உடையது. அதில் குரலுக்கேற்ப அலை இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸ் வரை அசையலாம். குரலின் அதிர்வெண் 3 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் என்று கொண்டு, இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 16 கிலோஹெர்ட்ஸ் இடம் பிடிக்கும். தரையில் கூட்டம் பெருகிவிட்டதால், 2013 ஜனவரி முதல் தேதியிலிருந்து இப்பகுதியில் 90ஆம் பிரிவுக் கருவிகள் பன்னிரண்டரை கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கவேண்டும் என்று ஆணையம் விதித்தது. அசைவைப் பாதியாக்கி இரண்டரையாகக் கொண்டால் 11 கிலோஹெர்ட்ஸில் அடங்கும். ஆகவே ஒரே கருவி கடலில் அகலமாகவும் தரையில் குறுகியும் பேச வல்லதாக இருத்தல் வேண்டும். பழைய கருவிகளில் ஒன்று குறுகத் தெரியாதது. நல்ல கருவிதான்; எனினும் அதன் தரைத் தொகுதியை முற்றிலும் அழித்து, கடலுக்கு மட்டும் உரியதாக்கித் திருப்பிக் கொடுத்தேன். தலைவருக்கு வருத்தம். எனக்கும் வருத்தமே.

மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேபிளால் கணிப்பொறியோடு இணைத்து எழுதினேன். கடற்சேனல்களைத் தொடவில்லை, அவை தொழிற்சாலையில் எழுதப்பட்டபடியே நிற்கவேண்டும். தரைத் தொகுதியில் நான்கு சேனல்கள். அவற்றுள் ஒன்று குன்றின்மேல் இருந்த ரிப்பீட்டருக்கு உரியது. ரிப்பீட்டர் என்பது ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை உடனே மற்றோர் அதிர்வெண்ணில் உரக்கச் சொல்லும் நிலையம். அது யார் குரலைக் கேட்டாலும் விழித்துக்கொண்டால் வம்பு. ஆகையால், குரலின் அடியில் காதுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய தொனியைச் சேர்த்து அனுப்பினால் மட்டுமே அது வாய் திறக்கும். 67 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான அடக்கமான தொனிகள் இவை. கடற்சேனல்களில் இந்த வழக்கம் இல்லை. கடலில் எல்லோரும் எல்லோரையும் கேட்கவேண்டும். அங்கே பூட்டு ஆகாது.

கடலின் வழக்கத்திலேயே ஊறியிருந்த நான், ரிப்பீட்டர் சேனலில் அந்தத் தொனியை எழுத மறந்துவிட்டேன். கடையில் இரு கருவிகளை எதிரெதிரே வைத்துச் சோதித்தபோது நன்றாகப் பேசின. அடுத்த ஞாயிறன்று ஒத்திகை. படகு தீவுக்குப் பின்னால் மறைந்தது. நேர்ச் சேனலில் குரல் அறுந்தது. ரிப்பீட்டருக்கு மாறுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தோம். தலைவரும் நானும் துறையில் நின்று தரைக்கருவியை உற்றுக் கேட்டோம். ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் சென்றது. பத்து நிமிடம் சென்றது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. பிறகு படகே திரும்பி வந்தது. மூன்று முறை கூப்பிட்டோம், பதில் இல்லை என்றார்கள். என் கையிலிருந்த எழுத்துப் பட்டியலைப் பிரித்தேன். நான்காம் வரியில் தொனிக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது.

அன்று மாலையே ஐந்து கருவிகளையும் மீண்டும் கேபிளில் இணைத்துத் திருத்தினேன். அடுத்த ஒத்திகையில் தீவின் பின்னாலிருந்து குரல் தெளிவாக வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கருவியின் பெட்டிக்குள்ளும், என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் தாள் ஒன்றை ஒட்டினேன்: சேனல், அனுப்பும் அதிர்வெண், கேட்கும் அதிர்வெண், அகலம், தொனி, ஆற்றல், எழுதியவன் பெயர், எழுதிய நாள்.

நம் நாட்டில் இவ்வாறே செய்யலாமா என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். நான் சொன்னவை அனைத்தும் அமெரிக்க விதிகள். நம் நாட்டு முறை 1885, 1933ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வழியே வளர்ந்தது. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. அலைகளின் இயல்பு எங்கும் ஒன்றே, அனுமதி அவ்வாறன்று. அங்கே உரிமமின்றித் திறந்த ஐந்து சேனல்களும் இங்கே வேறு யாருக்கோ உரியனவாக இருக்கலாம். அங்கிருந்து உறவினர் அனுப்பிய கருவியை இங்கே அழுத்திப் பார்க்க வேண்டா.

மேய்ன் மாநிலத்தை விட்டுப் புறப்படும் முன், அந்த ஐந்து கருவிகளையும் கடைசியாக ஒருமுறை சோதித்தேன். அங்கே தரைச் சேவை உரிமம் பத்தாண்டுகளுக்குச் செல்லும். பெட்டியில் ஒட்டிய தாளின் அடியில், படையின் உரிமம் முடியும் நாளையும் மையால் எழுதிச் சேர்த்துவிட்டுத் தலைவரிடம் கொடுத்தேன். குறுகத் தெரியாத ஆறாவது கருவி அவருடைய சொந்தப் படகில் 16ஆம் சேனலைக் கேட்டுக்கொண்டிருந்தது.